அறியாமையில் பிறந்த சொல்



ஆங்கிலம் பயிலாதவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'நைஸ்'. இல்லத்தில் தாய்மார் மாவை நைஸாக அரைக்கின்றனர். உணவு விடுதியில் நைஸ் தோசை கிடைக்கிறது. கடன் கொடுத்தவர் எதிரே வரக் கண்டவன் நைஸாக நழுவுகிறான். நைஸாகப் பேசிக் காரியம் சாதித்துக்கொள்வாரும் உளர். பள்ளிச் சிறுமியோ தன் புதிய ஆசிரியை 'ரொம்ப நைஸ்' என்று மகிழ்கிறாள். நுண்மை, மென்மை, தந்திரம், இச்சகம், நற்குணம் என இத்தனை பொருள்களைச் சுமந்துகொண்டு ஒரு சிறு சொல் நம் இல்லங்களில் உலவுகிறது. அதன் பிறப்பையும் வளர்ப்பையும் இத்திங்கள் சற்றே ஆராய்வோம்.

இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழி. அம்மொழியில் 'ஷீரே' என்றால் அறிதல். அதன் எதிர்மறையிலிருந்து பிறந்த 'நேஷியுஸ்' என்னும் சொல் அறியாதவன் எனப் பொருள்படும். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'நீஸ்' எனத் திரிந்து, பேதை என்னும் பொருளைப் பெற்றது. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தினுள் நுழைந்தபோதும் அப்பொருளோடுதான் நுழைந்தது. 1400ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் சாசர் ஒருவனை நைஸ் என்று குறித்தால், அது புகழுரை அன்று. பெரும்பாலும் அவனை மூடன் என்கிறார் என்றே கொள்ளல் வேண்டும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இச்சொல் பல வேடங்கள் புனைந்தது. ஒழுக்கம் தளர்ந்தவரைக் குறித்தது. எதிலும் எளிதில் நிறைவு காணாது குறை கூறுவோரைக் குறித்தது. கூச்சமுடையாரைக் குறித்தது. நுட்பம், துல்லியம் என்னும் பொருள்களையும் ஏற்றது. மயிரிழை போன்ற நுண்ணிய வேறுபாட்டை 'நைஸ்' வேறுபாடு என்று கற்றறிந்த ஆங்கிலேயர் இன்றும் எழுதுவதுண்டு. 18ஆம் நூற்றாண்டில்தான் இனியது, விரும்பத்தக்கது என்னும் இன்றைய பொருள் வேரூன்றியது. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இச்சொல் எப்பொருளில் வந்துள்ளதெனத் துணிவது பல இடங்களில் கடினம் என்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே குறிப்பிடுகின்றது.

இதற்கு நேர்மாறாக வாழ்ந்து கெட்ட சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. 'சில்லி' என்று இன்று எள்ளி நகையாடப் பயன்படும் சொல், பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்றவர் என்னும் உயர்ந்த பொருளில் வழங்கியது. அதன் உறவுச் சொல்லாகிய 'ஸேலிஹ்' ஜெர்மன் மொழியில் தன் பெருமையை இழக்கவில்லை. முத்திப்பேறு பெற்றோரை அந்நாட்டுத் திருச்சபை இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கிறது. தமிழிலும் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீய வாடையாகத் தாழ்ந்துவிட்டதன்றோ? மாந்தரைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு.

பேதையாகப் பிறந்து இனியவனாக உயர்ந்த 'நைஸ்' என்னும் சொல்லுக்கு வேறொரு கேடு நேர்ந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தத் தொடங்கியதால் அது எதையும் சுட்டாத சொல்லாயிற்று. ஜேன் ஆஸ்டின் என்னும் ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் 1817இல் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த அவரது 'நார்த்தாங்கர் அபே' நாவலில், ஒரு நூலை 'நைஸ்' என்று புகழும் இளம்பெண்ணை ஓர் இளைஞன் கேலி செய்கிறான். முன்பு தூய்மை, செம்மை, நயம் ஆகியவற்றைக் குறித்த சொல், இப்போது எப்பொருளைப் புகழவும் போதுமான ஒரே சொல்லாகிவிட்டதே என்பது அவன் குறை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அக்குறை தீர்ந்தபாடில்லை.

இச்சொல்லுக்கு மாற்றுச் சொற்கள் இல்லாமலில்லை. பீட்டர் மார்க் ரொஜே என்னும் மருத்துவர் 1852இல் வெளியிட்ட ஒருபொருட் சொற்களஞ்சியம் ஆங்கிலேயர்க்கு அவற்றைத் தொகுத்துத் தந்தது. நமக்கோ அதற்கும் முன்னரே, 1732இல், வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கித் தந்தார். அதன் நான்கு பகுதிகளுள் பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களையும், பொருளகராதி ஒரு பொருளின் பல சொற்களையும் தருகின்றன. சொல் நம்மிடம் நிறைய உண்டு. பேசப்படும் ஆளை உற்றுநோக்கி, அவர்க்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுமையே நம்மிடம் குறைவு.

இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. பெண்ணைப் பெற்றோர் மணமகனைப் பற்றி அவன் அண்டை வீட்டாரிடம் விசாரிக்கின்றனர். 'பையன் ரொம்ப நைஸ்' என்று விடை வருகிறது. அவன் சொன்ன சொல் தவறாதவனா? சினத்தை அடக்குபவனா? குடிப்பழக்கம் உடையவனா? தாயிடம் எவ்வாறு பேசுகிறான்? இவற்றுள் எதையும் அச்சொல் தெரிவிக்கவில்லை. கூறியவர் பொய்யுரைத்தார் என்று சொல்ல முடியாது; ஆனால் அச்சொல்லை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வு ஒப்படைக்கப்படுகிறது. திருமணத்துக்குப்பின் கண்ணீரோடு வரும் பெற்றோர் பலர், 'எல்லாரும் நல்ல பையன் என்றுதானே சொன்னார்கள், சாமி' என்று கலங்குவதை நாம் கேட்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளைப் பாராட்டும்போதும் இதுவே நிகழ்கிறது. மகன் வரைந்த படத்தை ஏறிட்டும் பாராமல் 'நைஸ்' என்று சொல்லும் தந்தை, தாம் அதைக் காணவில்லை என்பதையே அவனுக்கு அறிவித்துவிடுகிறார். 'இந்த மாட்டின் கண்ணை நன்றாக வரைந்திருக்கிறாய். கால்தான் சற்று நீண்டுவிட்டது' என்பாராயின், அச்சிறுவன் அன்றிரவே அடுத்த படத்தைத் தொடங்குவான்.

இன்னுமொரு செய்தி. அறிதலைக் குறிக்கும் அந்த 'ஷீரே' என்னும் இலத்தீன் வேரிலிருந்தே, மனச்சான்றைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் கிளைத்தது. 'நைஸ்' என்னும் சொல் அறியாமையையும், மனச்சான்று என்பது நாம் நம் உள்ளத்தோடு உடனிருந்து அறிவதையும் அடியிற் கொண்டவை. பிறரைப் பற்றி ஒருவர் நம்மிடம் கேட்கும்போது, 'இவரை நாம் உண்மையில் அறிவோமா?' என்று முதலில் நம் உள்ளத்தைக் கேட்போம். அறிந்தால் அறிந்ததை அன்போடும் தெளிவோடும் கூறுவோம். அறியாவிடில், 'அறியோம்' என்று சொல்லிவிடுவோம்.