கோன் வெளிநாட்டுக்காரர் என்பதாலா?

கார்லோஸ் கோன் பேச்சு வந்தால் நம்மூரில் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். திவாலாகும் நிலையில் இருந்த நிசானைத் தூக்கி நிறுத்தியவர் அவர். காரியம் ஆனதும் ஜப்பானியர்கள் கூடிப் பேசி அவரைச் சிறையில் தள்ளிவிட்டார்கள். ஜப்பானியராகப் பிறந்திருந்தால் அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை அமைந்ததால் கோன் நமக்குக் கொஞ்சம் பழகிய பெயர். அதனால் இந்தக் கதை இங்கே சுலபமாக ஒட்டிக்கொண்டது. பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இதே கதைதான் ஓடுகிறது. ஜப்பானிய நீதி வெளிநாட்டு நிர்வாகிகளுக்கு எதிரானது என்பது இன்று யாரும் சான்று கேட்காத உண்மைபோல் ஆகிவிட்டது.

அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஜப்பானிய நீதியமைப்புக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது கோனுக்குச் செய்தது அநியாயம். அவரைக் காவலில் வைத்த விதம் தன்னிச்சையானது என்று ஐ.நா. பணிக்குழு 2020இல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அவர் வைத்திருந்த கடவுச்சீட்டுகள் அந்த அநியாயத்துக்குக் காரணமல்ல. பிணையில் இருந்தபோது ஜப்பானிலிருந்து தப்பியோடி, 2019 டிசம்பர் 31 அன்று பெய்ரூட்டிலிருந்து அவர் விட்ட அறிக்கை, ஜப்பானிய நீதிமீது மூன்று பழிகளைச் சுமத்தியது: விசாரணைக்கு முன்பே குற்றவாளி என்று முடிவுகட்டுகிறார்கள், பாகுபாடு மலிந்திருக்கிறது, அடிப்படை மனித உரிமை மறுக்கப்படுகிறது. முதலாவதும் மூன்றாவதும் உண்மை. உலகம் பிடித்துக்கொண்டது இரண்டாவதை.

ஜப்பானில் ஒருவரைக் கைது செய்தால், குற்றம் சுமத்தும் முன்பே 23 நாள் வரை அடைத்து வைக்கலாம். அந்த நாட்களில் பிணை என்ற பேச்சுக்கே இடமில்லை. விசாரணை அறைக்குள் வழக்கறிஞர் வர முடியாது. பேசாதிருக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் வாய் திறக்க மறுப்பவரும் மணிக்கணக்காக அந்த அறையில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 23 நாள் முடியும் நேரத்தில் வேறொரு குற்றத்தைச் சொல்லி மறுபடி கைது செய்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். குற்றம் சுமத்திய பிறகு பிணை கேட்கலாம். ஒப்புக்கொண்டவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். மறுப்பவர் சாட்சியத்தைக் கலைத்துவிடுவார் என்று அரசுத் தரப்பு சொல்லும், நீதிபதி தலையாட்டுவார். வழக்கு நீதிமன்றம் ஏறினால் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்டனைதான். இந்த ஏற்பாட்டுக்குப் ‘பணயக் கைதி நீதி’ என்று பெயர் வைத்தவர்கள் ஜப்பானிய வழக்கறிஞர்கள். கோன் கைதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வைத்த பெயர் அது.

இந்த இயந்திரத்துக்குள் கோன் போன விதத்தைப் பாருங்கள். 2018 நவம்பர் 19 அன்று ஹனேதா விமான நிலையத்தில் இறங்கியதும் கைது. 2010 முதல் 2014 வரையிலான நிதியாண்டுகளில் தமக்குச் சேரவேண்டிய ஊதியத்தைக் குறைத்துக் காட்டினார் என்பது புகார். டிசம்பர் 10 அன்று இரண்டாவது கைது. அதே புகார், 2015 முதல் 2017 வரையிலான ஆண்டுகளுக்கு. ஒரே குற்றச்சாட்டை ஆண்டுவாரியாக இரண்டாக வெட்டிக் காவல் நாட்களைப் பெருக்கினார்கள். டிசம்பர் 20 அன்று காவலை நீட்டிக்க டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே நம்பிக்கை மோசடி என்று மூன்றாவது கைது. 108 நாள் கழித்து, 2019 மார்ச் 6 அன்று, 100 கோடி யென் கட்டி வெளியே வந்தார். ஏப்ரல் 4 அன்று நான்காவது கைது, மூன்று வாரச் சிறை, இன்னொரு 50 கோடி யென். வெளியே வந்த பிறகும் நீதிமன்ற அனுமதியின்றி மனைவியைச் சந்திக்கக் கூடாது என்று நிபந்தனை.

இதைப் படிக்கிற யாருக்கும் கோபம் வர வேண்டும். ஆனால் இதில் எந்தப் படி வெளிநாட்டுக்காரருக்கென்று தனியாகச் செய்தது? ஒன்றுகூட இல்லை. தனியாக நடந்தது ஒன்றே ஒன்று, டிசம்பர் 20 அன்று நீதிமன்றம் காவல் நீட்டிப்பை மறுத்தது. இத்தகைய பெரிய வழக்குகளில் மிக அரிதாக நடப்பது அது. உலகப் பத்திரிகைகள் வாசலில் நின்றதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சாதாரண ஜப்பானியருக்காக அந்த வாசலில் யார் நிற்கிறார்கள்?

கோனின் வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை ஏற்ற ஹிரோனாகா ஜுனிச்சிரோ அதற்குப் பத்தாண்டு முன்பு யாருக்காக வாதாடினார் என்பதைப் பார்த்தாலே, இது வெளிநாட்டுக்காரருக்கு எதிரான நீதி என்ற நம்பிக்கை ஆட்டம் காணும். முராகி அத்சுகோ, சுகாதார அமைச்சகத்தின் உயர் அதிகாரி. தகுதியில்லாத அமைப்புக்கு அஞ்சல் சலுகைச் சான்று கொடுக்கச் சொன்னார் என்று 2009இல் ஒசாகா அரசு வழக்கறிஞர்கள் அவரைக் கைது செய்தார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். 164 நாள் உள்ளே இருந்தார். 2010 செப்டம்பரில் விடுதலையானார். அப்போதுதான் தெரிந்தது, வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே சான்றாக இருந்த வட்டில் தேதியைத் திருத்தியிருந்தார் என்று. முராகி அந்நியர் அல்லர். அந்த அரசின் ஊழியரேதான்.

பிறகு அதே ஹிரோனாகா கதோகாவா ட்சுகுஹிகோவுக்காக நின்றார். ஜப்பானின் பெரிய பதிப்பகம் ஒன்றின் தலைவர், கைதானபோது வயது 79, இதயக் கோளாறு உள்ளவர். டோக்கியோ ஒலிம்பிக் லஞ்ச வழக்கில் 226 நாள் அடைபட்டிருந்தார். ஒசாகாவின் வீட்டுமனைத் தொழிலதிபர் யாமாகிஷி ஷினோபு 248 நாள். அவர் 2021இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார்; அதற்குள் தாம் வளர்த்த நிறுவனம் கைவிட்டுப் போயிருந்தது. மோரிதோமோ என்ற பள்ளி நிறுவனத்தின் விவகாரத்தில் அதை நடத்திய ககோய்கே தம்பதி ஏறத்தாழ பத்து மாதம். இவர்கள் எல்லோரும் ஜப்பானியர்கள், பலர் பெரிய நிர்வாகிகள், எல்லோரும் கோனைவிட நீண்ட நாள் உள்ளே இருந்தவர்கள்.

எனக்கு ஆறாதது ஓகாவாரா காகோகி வழக்கு. யோகோஹாமாவில் திரவத்தைப் பொடியாக்கும் உலர்த்திக் கருவிகள் செய்கிற சிறிய நிறுவனம் அது. பால் பவுடருக்கும் மருந்துக்கும் பயன்படும் கருவி. கிருமி ஆயுதம் செய்ய உதவும் கருவியை அனுமதியின்றிச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்று டோக்கியோ காவல்துறையின் பொதுப் பாதுகாப்புப் பிரிவு 2020 மார்ச்சில் தலைவரையும் இயக்குநரையும் ஆலோசகரையும் கைது செய்தது. மூவரும் மறுத்தார்கள். மறுத்ததால் பிணை இல்லை. ஆலோசகர் ஆய்ஷிமா ஷிஸுவோவுக்கு வயது எழுபதுக்கு மேல். காவலில் இருக்கும்போதே வயிற்றில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்காகப் பிணை கேட்டார்கள், மறுக்கப்பட்டது. திரும்பத் திரும்பக் கேட்டார்கள், திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற நிலையிலேயே, அவர் இறந்தார். மற்ற இருவரும் 11 மாதம் கழித்தே வெளியே வந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், முதல் விசாரணைக்குச் சில நாள் முன்பு, அரசுத் தரப்பு வழக்கையே திரும்பப் பெற்றது. குற்றமே நடக்கவில்லை. 2023இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன காவல் அதிகாரி ஒருவர், இந்த வழக்கு புனையப்பட்டது என்று கூண்டில் நின்றே ஒப்புக்கொண்டார். கைதும் குற்றச்சாட்டும் சட்டவிரோதம் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 மேயில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆய்ஷிமாவின் மனைவி மக்களுக்கு அந்தப் பணம் எதைத் திருப்பித் தரும்? கோனைப் பற்றிப் புத்தகங்களும் ஆவணப்படங்களும் வந்துவிட்டன. ஆய்ஷிமா என்ற பெயரை ஜப்பானுக்கு வெளியே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். அதில் வலுவான ஒன்று உண்டு. தோஷிபா பல ஆண்டுகள் லாபத்தை ஊதிக் காட்டியது 2015இல் வெளிவந்தது. தலைவர்கள் பதவி விலகினார்கள், ஒருவர்மீதும் குற்ற வழக்கு இல்லை. ஒலிம்பஸ் பெரும் நட்டத்தை மறைத்தது. அதன் முன்னாள் தலைவருக்கு 2013இல் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை மட்டும். நிசானிலேயே, கோனுக்குப் பின் தலைமை வகித்த சைகாவா ஹிரோத்தோ முறைகேடாகக் கூடுதல் ஊதியம் பெற்றது தெரிந்து 2019 செப்டம்பரில் விலகினார். அவர்மீதும் வழக்கில்லை. அப்படியானால் கோனை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி நியாயமானது.

கேள்வி நியாயமானதுதான், ஆனால் பலரும் சொல்லும் விடை தவறு. 2006இல் லைவ்டோர் நிறுவனத்தின் ஹோரியே தகாஃபுமியை நினைவில் கொள்ளுங்கள். இளைஞர், சட்டை மேல் கழுத்துப்பட்டை அணியாதவர், பழைய ஊடக நிறுவனங்களை விலைக்கு வாங்கப் பார்த்தவர். அவரது கணக்கு மோசடியின் தொகை தோஷிபாவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவர் மூன்று மாதம் காவலில் இருந்தார், பிறகு இரண்டரை ஆண்டு தண்டனை பெற்று உண்மையிலேயே சிறைக்குப் போனார். அவர் சுத்த ஜப்பானியர். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அரசு வழக்கறிஞர்களின் கையில் இருக்கிறது. பழைய பெருநிறுவனங்களின் அரவணைப்புக்கு உள்ளே இருப்பவர் தப்புகிறார், வெளியே இருப்பவர் மாட்டுகிறார். கோன் அந்த அரவணைப்பை இழந்த நாளில் மாட்டினார். அவரைக் காட்டிக்கொடுக்க அரசுத் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்கிலிருந்து தப்பிய இரண்டு நிசான் அதிகாரிகளில் ஒருவர் ஜப்பானியர். மற்றவர் மலேசியாவில் பிறந்த ஹரி நாடா. முழுப்பெயர் ஹேமந்த் குமார் நடனசபாபதி, அந்தப் பெயரின் ஊர் எது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்காரர் என்பதே குற்றமென்றால் அவர் எப்படித் தப்பினார்?

வேறு வெளிநாட்டு நிர்வாகிகளுக்கு நடந்ததையும் பார்ப்போம். டொயோட்டாவின் அமெரிக்க நிர்வாகி ஜூலி ஹாம்ப் 2015 ஜூனில் தடைசெய்யப்பட்ட வலி மாத்திரைகளை வரவழைத்ததற்காகக் கைதானார். மூன்று வாரத்தில், வழக்கே இல்லாமல், விடுவிக்கப்பட்டார். மவுண்ட் காக்ஸ் பிட்காயின் சந்தையை நடத்திய பிரெஞ்சுக்காரர் மார்க் கார்பெலஸ் ஏறத்தாழ ஓராண்டு உள்ளே இருந்தார், அது கொடுமை. ஆனால் 2019இல் அதே டோக்கியோ நீதிமன்றம் பணக் கையாடல் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. கோனோடு கைதான அமெரிக்கர் கிரெக் கெல்லிமீது எட்டு ஆண்டுகளுக்கான குற்றச்சாட்டுகள். 2022 மார்ச்சில் ஏழு ஆண்டுகளுக்கு அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. மீதி ஓர் ஆண்டுக்கு ஆறு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த மூன்று முடிவுகளிலும் வெளிநாட்டுக்காரர் என்பதற்கான தனிக் கடுமை எதுவும் இல்லை.

கோன்மீது கைவைத்தது ஜப்பான் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. அதே மறைத்த ஊதிய விவகாரத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2019இல் அவருக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் அவர் கட்டினார். 2022 ஏப்ரலில் பிரான்சும் பிடியாணை பிறப்பித்தது. அவர் குடிமகனாக உள்ள நாடு அது.

வெளிநாட்டுக்காரர் என்பதால் ஜப்பானில் வதைபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிர்வாகிகள் அல்லர். நேபாளத்திலிருந்து வந்து உணவகத்தில் வேலை பார்த்த கோவிந்த மைனாலி 1997இல் கொலை வழக்கில் சிக்கினார். 2000இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த பிறகும் அவரை விடவில்லை, காவலில் வைத்தார்கள். மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை. மரபணுச் சோதனை அவரைக் காப்பாற்ற 2012 வரை ஆனது. இலங்கையிலிருந்து ஆங்கிலம் கற்பிக்கும் கனவோடு போன விஷ்மா சந்தமாலி, விசா காலம் முடிந்ததற்காக நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் அடைக்கப்பட்டு, நோயுற்று, முறையான சிகிச்சையின்றி 2021 மார்ச்சில் 33 வயதில் இறந்தார். அயல்நாட்டார்மீதான பாகுபாடு என்று யாராவது என்னிடம் பேசினால், இந்த இருவரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். தப்பியோடத் தனி விமானமும் ஒளிந்துகொள்ள ஒலிபெருக்கிப் பெட்டியும் ஏற்பாடு செய்ய முடிந்த கோனிடமிருந்து அல்ல.

இந்தத் தவறான நம்பிக்கையை ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறேன் என்றால், அது ஜப்பானிய அரசுக்கு மிக வசதியாக இருக்கிறது. இனப் பாகுபாடு என்று பழி சொன்னால் பதில் சுலபம்: எங்கள் மக்களையும் இப்படித்தான் நடத்துகிறோம், எங்கள் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அந்தப் பதில் உண்மை. அந்த உண்மைதான் பெரிய குற்றச்சாட்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். கோன் தப்பியோடியதும் தூதரகங்களும் வணிகப் பத்திரிகைகளும் வேறு செய்திக்குத் தாவின. அப்போதைய நீதி அமைச்சர் மோரி மசாகோ, கோன் நீதிமன்றத்துக்கு வந்து தம் குற்றமின்மையை நிரூபிக்கட்டும் என்று வாய்தவறிச் சொல்லிப் பிறகு திருத்திக்கொண்டார். குற்றத்தை நிரூபிப்பது அரசின் கடமை என்பது ஒரு நீதி அமைச்சரின் நாவுக்கே பழக்கமில்லை என்பதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அதைப் பிடித்துக்கொண்டு போராடியிருக்க வேண்டிய நேரத்தில், இது ஜப்பானுக்கும் மேற்குக்குமான தகராறாகச் சுருங்கியது. கோனின் ஓட்டத்தால் சட்டத்தில் வந்த மாற்றம், 2023இல் பிணையில் உள்ளவர் உடலில் ஜி.பி.எஸ். கருவி பொருத்த வழிசெய்த திருத்தம். விசாரணை அறைக்குள் வழக்கறிஞர் இன்னும் நுழையவில்லை.

2025 மார்ச்சில் இந்தப் பணயக் கைதி நீதியே அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று, அதனால் பாதிக்கப்பட்ட சிலர் ஜப்பானிய அரசுமீது டோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடுபவர்களில் தகானோ தகாஷி இருக்கிறார், கோனுக்காகவும் வாதாடியவர். கோனுக்காக 2018இல் குரல் கொடுத்த வணிகச் சங்கங்களும் தலையங்கம் எழுதியவர்களும் தூதர்களும் அந்த வழக்கின் பக்கம் இப்போது வந்து நிற்கட்டும். மறுப்பதையே பிணை மறுக்கக் காரணமாக்கக் கூடாது, முதல் கேள்வியிலிருந்தே வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கட்டும். யோகோஹாமாவில் உலர்த்திக் கருவி செய்கிறவருக்கும் சேர்த்துக் கேட்கட்டும்.