மூன்று வார ஊசி தட்டக் கூடாது

பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலி, இரண்டு நாள் காய்ச்சல். கடையில் வாங்கிய மாத்திரையில் அது அடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது. அது வடிவதற்குள் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறுகிறது. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் மறைந்துவிடும். இதய வால்வில் விழுந்த அடி பல நேரம் மறைவதில்லை.

இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்து தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதம், நம் இதயத் திசுவின் புரதத்தை ஒத்திருக்கிறது. கிருமியை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் வால்வையும் தாக்குகிறது. தொற்று திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் தடித்துச் சுருங்குகிறது. இந்த நோய் உலகில் ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் உயிர்களைக் குடிக்கிறது. அதிக நோயாளிகள் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் நிற்கிறது.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடும். சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. அதுவரை வீட்டு வேலை, வயல் வேலை எல்லாம் செய்துகொண்டிருந்த பெண், முதல் பிரசவத்துக்கு முன்பே படுத்தால் மூச்சு முட்டி, இரவெல்லாம் உட்கார்ந்தே கழிக்கும் நிலைக்கு வருகிறாள். உலோக வால்வு பொருத்தினால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை. அந்த மாத்திரை வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது.

இத்தனையையும் தடுக்க மருந்து இருக்கிறது. பென்சத்தீன் பெனிசிலின், மருத்துவமனைகளில் 'பெனிடியூர் ஊசி' என்றால் தெரியும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், வால்வு பழுதானவர்களில் சிலருக்கு 40 வயதுவரை போட வேண்டும். உகாண்டாவில் வெளியே தெரியாத வால்வுப் பாதிப்பு உள்ள 818 பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் ஆய்வு நடந்தது. ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்கே நோய் முற்றியது. போடாதவர்களில் 8.2 சதவீதம்.

வால்வு அறுவை சிகிச்சைக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் லட்சக்கணக்கில் செலவிடுகிறது. அது கட்டாயம் தொடர வேண்டும். ஆனால் அந்த அறுவை மேசைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விடாத மலிவான ஊசி, வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் கிடைக்கிறதா என்பதிலும் அதே அக்கறை வேண்டும். லாபம் குறைந்த மருந்து என்பதால் உலகிலேயே இதைத் தயாரிப்பவர்கள் மிகச் சிலர். 2014 முதல் 2016 வரை பல நாடுகளில் தட்டுப்பாடு வந்ததை மறக்கக் கூடாது. முன்கூட்டியே மொத்தமாகக் கொள்முதல் செய்து, இருப்பு குறையாமல் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புக்குப் பெரிய காரியமல்ல.

மருந்து இருந்தும் போடத் தயங்குவது அடுத்த தடை. பெனிசிலின் ஒவ்வாமையில் உயிர் போய்விடுமோ, பழி நம் தலையில் விழுமோ என்ற பயம் மருத்துவரையும் செவிலியரையும் பிடித்திருக்கிறது. அத்தகைய கடும் ஒவ்வாமை மிக அரிது. வால்வு மோசமாகப் பழுதானவர்களுக்கு மட்டும் ஊசிக்குப் பதில் மாத்திரையே பாதுகாப்பு என்று அமெரிக்க இதய சங்கம் 2022-இல் அறிவுறுத்தியது. மற்றவர்களுக்குச் சோதனை ஊசி போட்டு, ஒவ்வாமைக்கு முறிவான அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்தால் போதும். இதற்கான பயிற்சியையும், விதிப்படி நடந்தவர்களுக்குத் துறை துணை நிற்கும் என்ற எழுத்துபூர்வ உத்தரவையும் அரசு தர வேண்டும்.

ஊசியின் வலியையும் லேசாக எண்ண முடியாது. கெட்டியான வெள்ளைக் கலவை அது; தடித்த ஊசியிலும் அடைத்துக்கொள்ளும். இடுப்பில் ஏற்றிய இடம் இரண்டு நாள் கடுக்கும். பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு அதுவும் காரணம். 1950-களில் வந்த மருந்து இன்றும் அப்படியே இருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்தை நுண்ணுருண்டைகளுக்குள் பொதிந்து, ஒரே ஊசியில் மாதக்கணக்கில் மெல்லக் கசியவைக்கும் நுட்பம் 1980-களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. பெனிசிலினைத் தோலுக்கடியில் அதிக அளவில் செலுத்தி மூன்று மாதம் நீடிக்கச் செய்யும் முயற்சி இப்போதுதான் ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. ஏழைப் பிள்ளைகளின் நோய்க்குச் சந்தை இல்லை என்பதும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இதய வால்வையே உள்நாட்டில் உருவாக்கிக் காட்டியது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம். நீண்டநாள் நீடிக்கும் பெனிசிலினுக்கும் மத்திய அரசு அப்படி நிதி ஒதுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று மாநில அரசின் கையில் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. அதே பணியாளர்களிடம் ருமாட்டிக் நோயாளிகளின் வட்டாரவாரியான பதிவேட்டைக் கொடுத்து, ஊசி தவறிய பிள்ளையின் வீட்டுக் கதவை அந்த வாரமே தட்டச் சொல்ல வேண்டும்.