சிறுநீரக நாடியும் மாகாண அதிகாரமும்

இருபத்தைந்து வயது நிரம்பாத பெண்ணொருத்திக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருக்கக் கண்டால், "மனக்கவலையே காரணம், கலியாணமானால் மாறிவிடும்" என்று கூறி வீட்டுக்கு அனுப்புவோர் இன்றும் நம்மிடையே உளர். அந்தச் சொல் ஆறுதலாயிருக்கலாம். ஆனால் அவள் சிறுநீரகத்துக்கு அதுவே தீர்ப்பாகவும் அமைந்துவிடலாம்.

இரத்த அழுத்தத்தின் மூலம் சிலரிடத்துச் சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடியிலேயே உள்ளது. 1898இல் சுவீடன் நாட்டில் திகர்ஸ்தெட், பேர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து அழுத்தத்தை ஏற்றும் 'ரெனின்' என்னும் பொருளைக் கண்டனர். 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கோல்ட்பிளாட் என்பார், நாய்களின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் இறுக்கினார்; அழுத்தம் உயர்ந்தது. குருதி குறைந்த சிறுநீரகம், உடல் முழுவதும் குருதி வற்றியதெனக் கருதி ரெனினைச் சுரக்கின்றது. அதன் விளைவாக உடலெங்கும் நாடிகள் சுருங்குகின்றன. உப்பும் நீரும் உள்ளே தங்குகின்றன. ஓரிடத்து அடைப்புக்கு உடல் முழுவதும் வரி செலுத்துகின்றது.

முதியோரிடத்து இவ்வடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாடியின் உட்சுவரில் படியும் கொழுப்பு. புகைப்பழக்கமும் நீரிழிவும் அதற்குத் துணை. இளம் பெண்களிடத்தோ நாடிச்சுவர் தானே தடித்துச் சுருங்குவதுண்டு. 1908இல் தக்கயாசு என்னும் ஜப்பானிய வைத்தியர் விவரித்த நாடி அழற்சியும் ஆசிய நாடுகளின் இளம் பெண்களை நாடி வருவதொன்று. அதனுற்றாரிற் பலருக்கு ஒரு கையில் நாடித்துடிப்பு மெலிந்திருக்கும். இரு கைகளிலும் அளந்தால் அழுத்தம் வேறுபடும். இரு கைகளிலும் அளப்பதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு சதமும் ஆகாது!

முப்பது வயதுக்கு முன் தோன்றும் அழுத்தம், மூன்று மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம், ஒரு சிறுநீரகம் மற்றதினும் சிறுத்திருத்தல், திடீரென நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியன கண்டவிடத்து நாடியை ஐயுறல் வேண்டும். ஐயத்தைத் தீர்க்க முதற்கண் வேண்டுவது ஒலியலை கொண்டு குருதியோட்டத்தைக் காணும் டொப்ளர் சோதனை. ஊசியும் சாயமும் அதற்கு வேண்டா. வேண்டுவது பயிற்சி பெற்ற கையும் பொறுமையுமே.

சிகிச்சையைப் பற்றியும் நாம் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். அடைப்பைக் கண்டவுடன் நாடிக்குள் குழாய் வைத்து விரித்தால் எல்லாம் தீரும் என ஒரு காலத்தில் நம்பினர். 2009இல் 806 நோயாளரை வைத்து வெளிவந்த 'அஸ்ட்ரல்' ஆய்வும், 2014இல் 947 பேரை வைத்து வெளிவந்த 'கோரல்' ஆய்வும் கொழுப்பு அடைப்புற்ற பெரும்பாலோர்க்கு ஒழுங்கான மருந்தினும் அம்முறை மேலானதன்று எனக் காட்டின. நாடிச்சுவர் தடித்த இளம் பெண்ணுக்குப் பலூன் கொண்டு விரித்தல் நற்பயன் தரும் என்பதும், மருந்தால் அடங்காத சிலர்க்கு அது இன்றியமையாதது என்பதும் உண்மையே. ஆயினும் பெரும்பாலோர்க்கு வேண்டுவது மாத்திரையும் கண்காணிப்புமாகும்.

அக்கண்காணிப்பு எளிதிற் கைவிடத்தக்கதன்று. எனலப்பிறில், லொசாட்டன் போன்ற நல்ல மருந்துகளே, இரு நாடிகளும் சுருங்கியவர்க்குச் சிறுநீரகத்தின் தொழிலைத் திடீரெனக் குன்றச் செய்யக்கூடும். மருந்து தொடங்கி ஓரிரு வாரத்துள் கிரியேற்றினின், பொற்றாசியம் ஆகியவற்றை இரத்தத்தில் அளத்தல் வேண்டும். அளந்து, வைத்தியர் முடிவு செய்ய வேண்டுமேயன்றி, நோயாளி தாமாக நிறுத்துதல் ஆகாது. இதனை நோயாளிக்கு அவர்தம் தாய்மொழியில் எடுத்துரைப்பார் கிளினிக்கில் இல்லையெனின், மருந்தும் பாதியே பயன்படும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது ஏட்டில் மட்டும் கிடப்பதற்கா?

அதே திருத்தம் போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்க வைத்தியசாலைகளும் நீங்கலாக ஏனைய அரசாங்க வைத்தியசாலைகளை மாகாணத்தின் பொறுப்பில் வைத்தது. எனினும் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இலும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இலும் முடிவுற்றபின், தேர்தலின்றியே ஆண்டுகள் பல உருண்டன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் கடல் கடந்தனர். "ஏன் சோதனைக் குப்பி இல்லை?" என்று கேட்கத் தம் வாக்கால் தெரிவான ஒருவர் மாகாணத்தில் மக்களுக்கு இருக்கவில்லை.

கொழும்பைக் குறை கூறி முடித்துவிட நாம் விரும்பவில்லை. சபை நம்மவர் கையிலிருந்த ஐந்தாண்டுகளில் இத்தகைய சிறு காரியங்களுக்கு எத்தனை நாழிகை செலவிட்டோம் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மேடைதோறும் பெரிய யந்திரங்களையும் மாடிக் கட்டடங்களையும் வாக்களிப்பது எளிது. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டலாம். இரத்தச் சோதனைக்கு நாடா வெட்ட இயலாதன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. ஒவ்வொரு கிராம வைத்தியசாலையிலும் இரு கைகளிலும் அழுத்தம் அளக்கும் வழக்கம். ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் தவறாத கிரியேற்றினின் சோதனை. மாவட்டந்தோறும் டொப்ளர் பார்க்கப் பயின்றவர் ஒருவர். இவற்றையெல்லாம் கேட்டு வாங்க மக்களாற் தெரிவான சபை. முதல் மூன்றுக்கும் பெரும் பொருள் வேண்டா. நான்காவதற்கு வேண்டுவது தேர்தல். அதனைக் கேட்பது சலுகையன்று, உரிமை.