கண்ணுக்குள் ஒரு சொட்டு நீலம்

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே பேருந்துக்காக நின்றிருந்தோம். “அந்த விளக்குக் கம்பம் நடுவுல வளைஞ்சிருக்கே பாப்பா, லாரி இடிச்சிருச்சா?” என்று அப்பா கேட்டார். கம்பம் நேராகத்தான் இருந்தது. சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் மேசை, நாற்காலி செய்தவர் அவர். பலகை நூலளவு கோணினாலும் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வலக்கண் விழித்திரையின் நடுவே ஒரு சிறு துளை என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு அப்பா தலையாட்டினார், மருத்துவர் ‘சாயம்’ என்று சொல்லும்வரை.

“பலகைக்குச் சாயம் அடிச்சவன் நான். ஒரு தடவை ஊறினா போகாது. அதைப் போய்க் கண்ணுக்குள்ள விடுறதா?”

ஒப்புதல் படிவம் கையெழுத்தில்லாமல் அலமாரிக்குள் போனது. நாள் தள்ளிப்போனால் துளை பெரிதாகலாம். “பாதுகாப்பானதுதான்ப்பா” என்றேன். எடுபடவில்லை. வானொலியில் மருத்துவர்களிடம் “இது பாதுகாப்பானதுதானே டாக்டர்?” என்று கேட்பேன். “ஆமாம்” என்றதும் பாட்டுக்குப் போய்விடுவேன். அந்த ஒற்றை ‘ஆமாம்’ எங்கள் வீட்டிலேயே செல்லவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

துளை மூட வேண்டுமானால் விழித்திரையின் மேலுள்ள ஒரு சவ்வை உரிக்க வேண்டும். அதன் தடிமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணாடிபோல் நிறமற்றது. இருக்குமிடம் தெரியாமல் இடுக்கியை வைத்தால் விழித்திரையே கிழியலாம். சாயம் அந்தச் சவ்வைக் காட்டிக்கொடுக்கிறது.

அப்பாவின் பயமும் வெறும் பயமல்ல. 2000ஆம் ஆண்டுவாக்கில் இந்த வேலைக்கு வந்தது இண்டோசயனின் பச்சை. இதயம், கல்லீரல் சோதனைகளுக்காக 1950களிலேயே இரத்தத்தில் செலுத்திப் பழகிய சாயம்தான். ஆனால் கண்ணுக்குள் நேரடியாக விட்டபோது, விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமி உயிரணுக்கள் பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் வந்தன. சிலருக்குப் பக்கப் பார்வை குறைந்தது. சாயத்தின் அடர்த்தி, அது தங்கும் நேரம், கரைக்கும் நீர், மேலே விழும் விளக்கின் வெளிச்சம் எல்லாமே கணக்கில் வருகின்றன.

அதன்பின் பிரில்லியண்ட் புளூ ஜி என்ற நீலம் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006ல் அதைப் பற்றி எழுதினார்கள். குறைந்த அளவிலேயே சவ்வு நன்றாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 2019 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இடையே 2012ல் அங்கே ஒரு பாடம். ஒரு மருந்துக்கடை கலந்து கொடுத்த இதே நீலத்தில் பூஞ்சை கலந்திருந்ததால் பல மாநிலங்களில் நோயாளிகளின் கண்களில் கிருமித்தொற்று ஏற்பட்டது. நல்ல சாயமாக இருந்தால் மட்டும் போதாது, தயாரித்த கையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

கண்புரை அறுவையில் லென்ஸின் உறையைக் காட்டும் டிரைபான் நீலம் வேறு. அதை மதுரையின் ஆரோலேப்பும் தயாரிக்கிறது. எல்லா நீலமும் ஒன்றல்ல.

படித்ததை அப்பாவிடம் சொன்னேன். அடுத்த சந்திப்பில் அவரே கேட்டார்: “என்ன சாயம்? எவ்வளவு நேரம் உள்ள இருக்கும்? முழுசாக் கழுவிருவீங்களா?”

தமிழ் பேசும் மருத்துவர் அவசரப்படவில்லை. “நீலம்தான் ஐயா. கொஞ்ச நேரத்துல கழுவி எடுத்துருவோம். துளியூண்டு தங்கினாலும் தங்கலாம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சாயம் இல்லாமத் தடவிப் பார்த்து உரிக்கிறது அதைவிட ஆபத்து.”

அப்பா பேனாவைக் கேட்டு வாங்கினார். ‘ஆமாம்’ சாதிக்காததை ‘ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்’ சாதித்தது.

கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் சில நாள் குப்புறப் படுத்திருந்தார். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. ஊர்க் கல்யாணம் போயிற்று. தலையணையில் முகம் புதைத்து என் நிகழ்ச்சியைக் கேட்டவர், “வேகமாப் பேசுற” என்று குறை சொன்னார்.

துளை மூடிவிட்டது. கிராஞ்சிக் கம்பம் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறதாம், முன்பு அளவுக்கு இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். கோடு வளைந்தால் தள்ளிப்போடாதீர்கள். அறுவை சிகிச்சை என்றால் அப்பாவின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நானும் இனி பாட்டுக்குப் போகுமுன் அவற்றைக் கேட்பதாக இருக்கிறேன்.