"நல்லா இருக்கு" என்றால் போதுமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர் பலர் பஸ்ஸிலும் மதிய உணவு இடைவேளையிலும் தமிழ்க் கதைகளைப் படிக்கிறார்கள். "கதை எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள், அல்லது "சுமார்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. கதையை அலசுவது கல்லூரிப் பேராசிரியர்களின் வேலை என்று ஒதுங்கி விடுகிறோம். இது தவறு. நாலைந்து சொற்களின் பொருள் தெரிந்தால் போதும், நாமும் தீர்ப்புச் சொல்லலாம்.

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஏழை மாணவி, அந்நியன் ஒருவனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் தூய்மையாகி விட்டதாகக் கூறி ஏற்றுக் கொள்கிறாள். பெரும் சர்ச்சை மூண்டது. பின்னர் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், தாய் அதை மறைக்காமல் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகும் என்று எழுதினார். அந்நாவல் 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

மழையும் பஸ் நிறுத்தமும் களம். மகளும் தாயும் பாத்திரங்கள். ஒரு செயலால் அடுத்தது விளைவது கதைப்பின்னல். நேர்ந்துவிட்ட கொடுமைக்குப் பெண்ணைத் தண்டிக்கலாமா என்பது கரு. இரண்டிலும் கரு ஒன்றே. தாயின் பாத்திரம் மாறியதும் பின்னலே மாறிவிட்டது. இப்போது, "கருவை ஏற்கிறேன், ஆனால் அந்தத் தாயை நம்ப முடியவில்லை" என்று ஒருவர் வாதிடலாம். இது வெறும் "சுமார்" அல்ல. காரணத்தோடு கூடிய கருத்து.

இன்னொரு சொல் நோக்குநிலை. யார் சொல்கிறார், யார் கண் வழியே பார்க்கிறோம் என்பதே அது. சிறுகதையை ஆசிரியர் வெளியே நின்று சொல்கிறார்; நாவலில் கங்காவே பேசுகிறாள். சொல்பவர் மாறினால் நம் மனமும் சாயும் பக்கம் மாறுகிறது.

இது புத்தகத்தோடு நிற்பதன்று. 1991-இல் காவிரிப் பிரச்சினையால் இந்நகரில் கலவரம் மூண்டது. அத்தகைய நாட்களில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "இதைச் சொல்பவர் யார்? அவர் நேரில் பார்த்தாரா? எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்?" என்று கேட்கத் தெரிந்தவன் வதந்திக்கு இரையாக மாட்டான். பிழைக்க வந்த ஊரில் இது நமக்கு அவசியமான அறிவல்லவா?

கூறுபோட்டுப் பார்த்தால் சுவை கெடும் என்பார் சிலர். சமைக்கத் தெரிந்தவர் சாப்பாட்டை ருசிப்பதில்லையா?

அல்சூர் ஏரிக்கு அருகே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அடுத்த விடுமுறை நாளில் ஒரு கதையை எடுங்கள். படித்து முடித்ததும் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள்; ஏன் என்றும் சொல்லிப் பழகுங்கள்.