இருபால் மலரும் எங்கள் ஆலோசகர்களும்

தாவரவியல் பாடநூலில் ‘இருபால் மலர்’ என்ற தொடர் எந்தக் கூச்சமும் இல்லாமல் அச்சாகியிருக்கிறது. மகரந்தத்தாளும் சூலகமும் ஒரே பூவில் இருந்தால் இருபால் மலர், செம்பருத்தி எடுத்துக்காட்டு. விலங்கியலில் மண்புழு இருபாலுயிரி. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தால் ‘இருபாலர் கல்லூரி’ என்று வாயிலிலேயே எழுதிவைக்கிறோம். ஆனால், தன் மனம் ஆணையும் நாடுகிறது, பெண்ணையும் நாடுகிறது என்று ஒரு மாணவன் துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்டால் மட்டும் அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

செஞ்சி வட்டாரத்தில் ஒரு கல்லூரியில், மாணவர் மனநலம் குறித்து வெளியூர் ஆலோசகர் ஒருவர் பேசினார். (பெயரும் கல்லூரியும் வேண்டாம், அவர் தனி ஆள் அல்லர், ஒரு வகைமாதிரி.) பேச்சின் இறுதியில் பெயரில்லாச் சீட்டுகளில் கேள்விகள் வாங்கினார்கள். ஒரு சீட்டில் மேற்சொன்ன செய்தி இருந்தது. அதன் கீழே ஒரு கேள்வியும் இருந்தது: நாளை மணம் புரியப்போகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்வது? ஆலோசகர் முதல் வரியைப் படித்தார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார், பிறகு சொன்னார்: “இது வயசுக் குழப்பம். அதுவும் பெண் மேலயும் ஈர்ப்பு இருக்குன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. நல்ல பெண்ணாப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்குங்க, எல்லாம் சரியாயிடும்.” கைதட்டல். கீழே இருந்த கேள்வியை அவர் படிக்கவே இல்லை.

‘அதிர்ஷ்டசாலி’ என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. தன்பாலீர்ப்புடைய ஒருவரை மாற்றிக்காட்டுகிறேன் என்று புறப்படுகிறவர் மருந்து, அடி, மிரட்டல், மந்திரித்த கயிறு என்று வெளியில் தெரியும் கருவிகளைக் கையில் எடுத்தாக வேண்டும். இருபாலீர்ப்புடையவரை மாற்ற இவை எதுவும் தேவையில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட்டே அதைச் செய்துவிடலாம். யாரும் அதைச் சிகிச்சை என்று சொல்வதில்லை. செய்கிறவருக்கே தாம் செய்வது அதுதான் என்று தெரிவதில்லை.

தெரியாமல் செய்தவர்களில் நானும் ஒருவன். சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். 2016 வாக்கில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்த மாலையில் துறை அறைக்கு வந்தார். (அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டி உரைப்பதில்லை என்ற மரபு இங்கேயும் பொருந்தும்.) “ஐயா, வூட்ல பொண்ணு பாத்திருக்காங்க. எனக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு, அது பொய் இல்லீங்க. காலேஜ்ல ஒருத்தனையும் அப்படித்தான் புடிச்சிருந்துச்சி, அதுவும் பொய் இல்ல. இத அதுங்கிட்ட சொல்லணுமா ஐயா?” என்றார். நான் கையிலிருந்த விடைத்தாள் கட்டை மூடாமலே, “பொண்ணு மேலயும் விருப்பம் இருக்குல்ல? அப்புறம் என்னப்பா? கட்டிக்க, சரியாயிடும்” என்றேன். அன்று பெரிய மனத்தோடு பேசியதாகவே நினைத்துக்கொண்டேன். திட்டவில்லை அல்லவா!

சில ஆண்டுகள் கழித்துச் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் மனைவியோடும் சிறு மகளோடும் அவரைப் பார்த்தேன். மனைவி குழந்தைக்குத் தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில் அவரே பேச்சை எடுத்தார். வாழ்க்கை நன்றாகவே போகிறதாம். மனைவி மீது அன்பு உண்டு, மணத்திற்குப் பின் வேறொருவரை நாடியதில்லை. “ஆனா அது எங்கியும் போயிடல ஐயா. இது தெரிஞ்சா, இவ்ளோ நாளு நடிச்சேன்னு நெனச்சிடுவாளோன்னு தினமும் ஒரு பயம். நான் நடிக்கல. அத எப்படிச் சொல்றதுன்னுதான் அன்னிக்கு உங்கள கேட்டேன். நீங்க வேற எதுக்கோ பதில் சொன்னீங்க.”

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அது எனக்குள் இருக்கிறது.

அவர் வாழ்க்கையில் பெருந்துயர் எதுவும் நிகழவில்லை என்பதைக் கவனியுங்கள். மணமுறிவு இல்லை, கள்ள உறவு இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. ஆலோசகரின் கணக்கில் இது வெற்றி. ஆனால் ஒருவன் தன் மனைவியை உண்மையாக நேசித்தும், அந்த நேசமே பொய்யென்று கருதப்படுமோ என்று அஞ்சிக்கொண்டு குடும்பம் நடத்துகிறான். அந்தப் பெண்ணுக்கோ தன் கணவன் எதை அஞ்சுகிறான் என்பதே தெரியாது. அவளை யாராவது கேட்டோமா? ‘நல்ல பெண்ணாப் பார்த்து’ என்றாரே ஆலோசகர், அந்த நல்ல பெண் அவர் பேச்சில் ஒரு மருந்துப் புட்டிக்கு மேல் வேறு என்ன?

‘குழப்பம்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆல்பிரட் கின்சி என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் (குளவிகளை ஆராய்ந்துவிட்டு மனிதர் பக்கம் வந்தவர்) 1948இல் ஆண்களின் பாலியல் நடத்தை பற்றிய நூலில் சுழியம் முதல் ஆறு வரையான அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். ஒரு முனை முற்றிலும் எதிர்பால், மறு முனை முற்றிலும் தன்பால். மனிதர் பலர் இடைப்பட்ட எண்களில் இருந்தார்கள். அந்த அளவுகோலின் குறைகளைப் பின்னர் வந்தவர்கள் எடுத்துரைத்தார்கள். பிரிட்ஸ் கிளைன் 1978இல் விருப்பம், கற்பனை, உணர்வுப் பிணைப்பு எனப் பல கூறுகளாக அதை விரித்தார். இடைநிலை என்பது ஊர் போய்ச் சேராதவன் நின்றுவிட்ட வழி அன்று, அதுவும் ஓர் ஊரே என்பதை இவர்கள் யாரும் மறுக்கவில்லை. மருத்துவம்தான் மெதுவாக நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில், தன் ஈர்ப்பு எத்தகையது என்று தெளியாமல் இளையோர் துன்புறுவதற்கே ஒரு குறியீட்டெண் இருந்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு அந்தப் பகுதியையே நீக்கிவிட்டது. எங்கள் மேடையில் மட்டும் அது நீக்கப்படவில்லை.

‘இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி’ என்ற குரல் எப்படியும் எழும். விழுப்புரத்துக்காரர்கள் அதைச் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒவ்வொரு சித்திரை முழுநிலவுக்கும் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளத் திருநங்கையர் திரள்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மண் இது. (2019இல் மாவட்டம் பிரிந்து கூவாகம் கள்ளக்குறிச்சிக்குப் போனது, விழாக் கூட்டம் பிரியவில்லை.) விடிய விடியத் தெருக்கூத்தில் ஆண்கள் திரௌபதியாக அழுவதைக் கண்டு தாமும் அழுத ஊர்கள் இவை. உடையிலும் வேடத்திலும் தெரிகிற வேறுபாட்டை, மதிக்கிறோமோ இல்லையோ, காணவாவது நமக்குத் தெரியும். 2008இல் தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. ‘திருநங்கை’ என்ற சொல் பரவிய பின் பேருந்தில் பழைய வசைச்சொற்கள் ஓரளவேனும் குறைந்ததை நானே கண்டிருக்கிறேன். ஒரு நல்ல சொல் அவ்வளவு செய்யும். ஆனால் இருபாலீர்ப்பு உடையில் தெரிவதில்லை. மனைவியோடு நின்றால் அவன் எல்லாரையும் போன்றவன். ஆணோடு நின்றால் தன்பாலீர்ப்பாளன். அவனை அவனாகவே காணும் கண் எந்தப் பக்கத்திலும் இல்லை. தன்பாலீர்ப்பு நண்பர்களிலேயே சிலர் இவர்களை ‘மதில்மேல் பூனை’ என்று ஏளனம் செய்வதுண்டு. அதுவும் ஆலோசகரின் சிரிப்புக்கு உறவுமுறைதான்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்குமதிக் குரலுக்கு மறுப்பாக இவர்கள் உடனே பழம்பிரதிகளைத் தோண்டத் தொடங்குகிறார்கள். கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பைக் ‘கட்டுடைக்கிறார்கள்’. பராங்குச நாயகியாகத் தலைவி கூற்றில் பாடிய நம்மாழ்வாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். எங்கள் ஊர் என்பதால் ஒருவர் என்னிடம், 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனையும் அவனோடு போரில் விழுந்ததாகக் கதைப்பாடல் சொல்லும் இசுலாமியத் தோழனையும்கூட இந்தக் கோணத்தில் ‘வாசிக்கலாமே’ என்றார். வேண்டாம் ஐயா. அந்த நட்பு நட்பாகவே போதிய அழகுடையது. பக்தியில் நாயகி பாவம் ஒரு மெய்ப்பொருள் மரபு, அதற்குத் தனி இலக்கணம் உண்டு. இதைவிட முக்கியமானது: இன்று சீட்டெழுதிய மாணவன் மரியாதை பெறுவதற்குச் சங்கச் சான்றிதழ் எதற்கு? சான்று கிடைக்காவிட்டால் சிரிக்கலாமா?

தமிழ் படித்தவன் பழைய நூலிலிருந்து எடுக்கக்கூடியது வேறொன்று. தொல்காப்பியர் அன்பின் ஐந்திணையை மட்டும் சொல்லிவிட்டு நூலை மூடியிருக்கலாம். அவர் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் இடம் வைத்து ஏழு என்றார். தாம் சிறந்ததென்று கொள்ளாததற்கும் பெயர் வைத்து வரிசையில் நிறுத்தியது இலக்கணக்காரரின் நேர்மை. நாமோ பெயர் இருந்தும் சொல்ல மறுக்கிறோம். இத்தகைய சொற்களை எப்படி வழங்க வேண்டும் என்று தமிழக அரசே 2022 ஆகஸ்டில் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது. என் துறையில் அதைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர், “தாவரவியல்காரங்களக் கேளுங்க” என்றார்.

அந்தப் பட்டியல் தானாக வந்துவிடவில்லை. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையிலிருந்து தொடர்ந்தது அது. தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து கேட்டுவிட்டு அவர் தீர்ப்பெழுதினார். பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’யைத் தடை செய்ததோடு, கல்வி நிலையங்களில் இவர்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்கள் வேண்டும் என்றும் வழிகாட்டினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. ஆனால் அது மருத்துவரைத்தான் கட்டும். மேடை ஆலோசகரைக் கட்டாது, பேராசிரியரைக் கட்டாது, தாய்மாமனைக் கட்டவே கட்டாது.

சட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பால் திருமணத்தை ஏற்க அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மறுத்தது. ஆக, இருபாலீர்ப்புடையவருக்கு இரண்டு கதவுகளில் ஒன்றே மண்டபத்துக்குள் திறக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டு, திறந்திருக்கும் கதவைக் காட்டுவதற்குப் பெயர்தான் ‘அதிர்ஷ்டம்’. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற இருவர் அமர்வு, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் உண்டு என்று சொன்னது. ஊருக்குள் அது வந்துசேர நாளாகும்.

அதுவரை என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் ஒரு பெயரை நமக்குத் தந்திருக்கிறது. தலச்சேரியில் கல்லூரி மாணவியாயிருந்த அஞ்சனா ஹரீஷ் தம்மை இருபாலீர்ப்புடையவர் என்று வெளிப்படையாக அறிவித்தவர். குடும்பத்தார் தம்மை மையங்களில் அடைத்து வலுக்கட்டாயமாக மருந்து செலுத்த வைத்ததை 2020 மார்ச்சில் அவரே காணொளியில் சொன்னார். மே மாதம் கோவாவில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தொன்று. ஒரு பெண் ‘அதிர்ஷ்டசாலி’யாக இருக்க மறுத்தபோது கைதட்டல் எங்கே போய் முடிகிறது என்பதை நம் ஆலோசகர்கள் ஒருமுறையாவது யோசிக்கட்டும். இந்தப் பக்கத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ பேருந்து ஏற வேண்டும். ஏறும் முன் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது எங்கள் துறை வாசலில்தான்.

அந்தச் சீட்டுக்கு என்ன சொல்லியிருக்கலாம்? இருவகை ஈர்ப்பும் உனக்கு மெய்யென்றால் மெய்தான். இரண்டும் சம அளவில், எல்லாக் காலத்திலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பலரை நாடும் இயல்பு வேறு, ஒருவரோடு வாழும் உறுதி வேறு. எதிர்பாலை மட்டும் நாடுகிற கணவனும் தெருவில் பலரைப் பார்த்தபடிதான் ஒருத்தியோடு வாழ்கிறான். அவனை யாரும் குழப்பவாதி என்பதில்லை. மணம் புரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புரிவதானால், மணநாளுக்கு முன் அவளிடம் தனியே சொல். கேட்டுவிட்டு மறுக்க அவளுக்கு உரிமை உண்டு, மறுத்தால் அது உனக்கு அவமானமில்லை. அவள் அதை ஊரில் சொல்லிவிடுவாள் என்று அஞ்சினால் அந்த அச்சத்தையும் பேசுவோம். உன் அனுமதி இல்லாமல் உன் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். இவ்வளவுதான். இதற்குப் பட்டயமும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

கல்வியியல் பட்டப்படிப்பில் பாலினமும் பள்ளியும் குறித்து ஒரு தாளே இருக்கிறது. மாணவர்கள் அதில் மதிப்பெண் பெறுகிறார்கள். மூன்றாம் பாலினக் குழந்தைகளுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் தயாரித்த ஆசிரியர் கையேடே எதிர்ப்பு வந்ததும் தளத்திலிருந்து காணாமற்போனது. இருபாலீர்ப்புக்கு அப்படிக் காணாமற்போக ஒரு கையேடுகூட எழுதப்படவில்லை.

அரசிதழின் அந்தச் சொற்பட்டியலை அச்செடுத்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது. இதற்கிடையே, பேருந்து நிலையத்தில் சந்தித்தவரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பதில் சொல்ல அல்ல, அன்று அவர் கேட்ட கேள்வியை மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.