ஊருக்குக் கையுறை நாங்கள்

"எல்லாம் குடுத்தாச்சு சார், இவங்கதான் போட மாட்டேங்கிறாங்க."

துப்புரவுத் தொழிலாளி ஒருவர் குழிக்குள் செத்துப்போனாலோ, வெறுங்கையால் சாக்கடை அள்ளும் படம் ஒன்று பேப்பரில் வந்துவிட்டாலோ, மறுநாள் அதிகாரியின் வாயிலிருந்து வருகிற வாசகம் இது. ஒப்பந்தக்காரரும் இதையே சொல்கிறார். லாட்ஜ் முதலாளி, கல்யாண மண்டப மேனேஜர், துணிக்கடை சூப்பர்வைசர் என்று எல்லோருக்கும் இது மனப்பாடம். முற்போக்கு நண்பர்கள் சிலர் கொஞ்சம் வருத்தத்தைக் கலந்து, "விழிப்புணர்வு பத்தலீங்க" என்று சேர்த்துக்கொள்வார்கள். செத்தவன் தலையிலேயே சாவின் பழியைத் தூக்கி வைக்கிற இந்த வாசகத்தைப் பிரித்துப்போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு சாதியே ஒளிந்துகொண்டிருக்கிறது.

திருச்சிராப்பள்ளி, சுத்தத்துக்குப் பேர் வாங்கிய ஊர். ஒன்றிய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியலில் 2015இல் இரண்டாவது இடம், 2016இல் மூன்றாவது, 2017இல் ஆறாவது. பாராட்டு விழா நடந்தது, பேனர் கட்டினார்கள். பட்டியலில் ஏறியது ஊரின் பேர். விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டின் அழுகலிலும், சத்திரம் பேருந்து நிலையத்தின் மூத்திரத்திலும், அரியமங்கலம் குப்பைமேட்டின் புகையிலும் நின்றது யாருடைய உடம்பு? மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டுக்காரர்கள் பிரிக்காமல் கட்டிக் கொடுத்ததை அவிழ்த்து, பிள்ளையின் மலத்துணியையும் உடைந்த பல்பையும் கையால் பிரித்தது யார்? அந்தக் கைகளுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

முதலில் அந்த கிளவுஸையே எடுத்துப் பார்ப்போம். கொடுக்கிற இடத்தில் கொடுப்பது பெரும்பாலும் மெல்லிய ரப்பர். ஆம்பளை கைக்கும் பொம்பளை கைக்கும் ஒரே அளவு. பிளேடு, ஊசி, பாட்டில் சில்லு எதையும் அது தடுக்காது. கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் உள்ளே வேர்வை ஊறி விரல் வெந்துபோகும். வெளக்கமாத்துப் பிடி வழுக்கும். கிழிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று கேட்கக்கூடாது. கழட்டிக் கழுவிக் காயப்போட இடம் கிடையாது. நேற்று பீ பட்ட உறைக்குள் இன்றைக்கு மறுபடி கையை விடு என்றால் எவன் விடுவான்? போடாமல் இருப்பதை அறியாமை என்கிறார்கள். அது அந்தக் கை பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு.

சரி, நல்ல கையுறையே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு பாதுகாப்பு வந்துவிடுமா? தொழில் பாதுகாப்பில் பாலபாடம் ஒன்று உண்டு. ஆபத்தையே இல்லாமல் ஆக்கு. முடியவில்லையா, ஆளுக்குப் பதில் இயந்திரத்தை இறக்கு. அதுவும் முடியவில்லையா, வேலை செய்யும் முறையை மாற்று. இவையெல்லாம் செய்த பிறகு மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் கடைசியாகக் கையுறை, முகமூடி. எல்லாத் தொழிலுக்கும் கடைசிப் படியாக இருப்பது துப்புரவுக்கு மட்டும் எப்படி முதல் படியாகவும் ஒரே படியாகவும் ஆனது?

இந்தப் பாடம் நம்ம ஊருக்குத் தெரியாதது இல்லை. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை 1965 முதல் பாய்லர் செய்கிறது. பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. மூடிய தொட்டிக்குள், குழாய்க்குள் ஆள் நுழைவது எவ்வளவு ஆபத்து என்று இந்த ஊரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே அதைச் சொன்னது. விஷவாயு இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி எதற்குள்ளும் ஆளை இறக்கக்கூடாது. இறக்கினால், உள்ளே வாயு இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுதித் தரவேண்டும். இல்லையென்றால், இறங்குகிறவருக்குச் சுவாசக் கருவி வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். நாடு குடியரசாவதற்கு முன்பே எழுதிவைத்த விதி இது. பாய்லருக்குள் இறங்குகிறவனுக்கு 1948இலேயே கிடைத்த கயிறு, பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு ஏன் வந்து சேரவில்லை? இரண்டும் இருட்டுக் குழிதான். இறங்குகிற ஆள்தான் வேறு.

செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு தேங்கி நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது அதே வாயு மூக்கின் மோப்ப சக்தியைக் கொன்றுவிடும். "நாத்தம் கொறஞ்சிடுச்சு, எறங்கலாம்" என்று தோன்றுகிற நேரம்தான் சாவு பக்கத்தில் நிற்கிற நேரம். இன்னும் கூடினால் இரண்டொரு மூச்சில் ஆள் சுருண்டுவிடுவான். மேலே நிற்கிற தம்பியோ மச்சானோ பதறிக்கொண்டு குதிப்பான், அவனும் போவான். ஒரே குழியில் இரண்டு பிணம், மூன்று பிணம் என்று வருகிற செய்திகளுக்கெல்லாம் காரணம் இதுதான். இதில் கிளவுஸ் என்ன செய்யும்? பிணத்தின் கையில் இருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். மலம் அள்ள மனிதரை வைப்பது குற்றம், பாதுகாப்பின்றி ஆளைக் குழிக்குள் இறக்குவதும் குற்றம் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழிக்குள் இறக்கும் குற்றத்துக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் விளக்கக் குறிப்பில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு மலத்தைச் சுத்தம் செய்கிறவர், 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டாராம்! வேலை அதேதான், மலமும் அதேதான், சாதியும் அதேதான். கையுறையை மாட்டிவிட்டால் குற்றம் வேலைவாய்ப்பாகிவிடும். "எல்லாம் குடுத்தாச்சு சார்" என்று அதிகாரி ஏன் அவ்வளவு அவசரமாகச் சொல்கிறார் என்பது இப்போது விளங்கும். அந்த ரப்பர் துண்டு தொழிலாளியின் கையைக் காப்பாற்றுவதற்கு முன்னால், வேலைக்கு வைத்தவனைச் சிறையிலிருந்து காப்பாற்றுகிறது.

1993க்குப் பிறகு குழியில் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சாவுகளில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகள் சொல்கின்றன. கணக்கில் ஏறியதே 200க்கும் மேல். பெரியார் மண், சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிற இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட காலத்துக் கணக்கு இது. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள் 38,000 பேரைக் கணக்கெடுத்து 2024இல் வெளிவந்த ஒன்றிய அரசின் விவரத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் தலித்துகள். "யார் வேணா செய்யலாமே, இது வேலைதானே" என்பவர்கள் இந்த எண்ணுக்கு முன்னால் நின்று பதில் சொல்லட்டும்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போவோம். ஏழு பிரகாரம். 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம். பழமையைப் பாதுகாத்ததற்காக 2017இல் யுனெஸ்கோ விருதும் வாங்கிய கோயில். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறந்தால் லட்சக்கணக்கில் கூட்டம். லட்சம் பேர் வந்தால் லட்சம் பேருடைய எச்சில் இலை, மலம், மூத்திரம். ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் அம்மா மண்டபம் படித்துறையில் அவிழ்த்துவிட்ட துணி, பிண்டம், அழுகிய மாலை. பாவத்தை ஆற்றில் விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விட்டதை இடுப்பளவு தண்ணீரில் நின்று அரித்தெடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் கோலம் போட்டுப் பளிச்சென்று இருக்க, கொல்லைப்புறச் சந்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

தீட்டு என்கிறார்களே, அதுவும் ஒரு பாதுகாப்பு விதிதான். மலத்தைத் தொடாதே, பிணத்தைத் தொடாதே, அழுக்கைத் தொடாதே, நோய் அண்டாது. அவர்கள் தங்கள் உடம்புக்கு எழுதிக்கொண்ட பாதுகாப்பு விதி. ஆனால் மலமும் பிணமும் அழுக்கும் தானாகப் போகாதே! தொடுவதற்கு ஒரு கை வேண்டும். தன் கை படாமல் தொடுவதற்கு ஊர் கண்டுபிடித்த உபகரணம் நாங்கள். ஊரின் கையில் மாட்டிய உறை நாங்கள். கிழிந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். கையுறைக்கு எவனாவது கையுறை வாங்கிக் கொடுப்பானா?

தோட்டி என்றார்கள். ஸ்கேவஞ்சர் என்றார்கள். துப்புரவுப் பணியாளர் என்றார்கள். 2020இல் அரசு, 'தூய்மைப் பணியாளர்' என்று பேரை மாற்றியது. 2019இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து பேருடைய காலைக் கழுவினார். கொரோனா வந்தபோது கழுத்தில் மாலை விழுந்தது. பேரையும் மாலையையும் கொடுக்கிறவர்கள் வெளக்கமாத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

தெருவில் வேலை செய்கிறவர்களையாவது ஊர் பார்க்கிறது. கட்டடத்துக்குள் கழுவுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி, காலேஜ், மால், தியேட்டர், ஆபீஸ் எல்லா இடத்திலும் 'ஹவுஸ்கீப்பிங்' என்று சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். எங்கம்மா ஒரு ஆபீஸ் கட்டடத்துல பல வருசம் கக்கூஸ் கழுவினவங்க. கறை போகணும்னு ஆசிட்டை ஊத்தச் சொல்லுவாங்க, நாத்தம் போகணும்னு அதுக்கு மேலயே பிளீச்சிங் பவுடரைப் போடச் சொல்லுவாங்க. வெளியே வாடை வரக்கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவணும். ஒருநாள் மஞ்சளும் பச்சையுமா பொகை கெளம்பி, அம்மா இருமி இருமி அங்கேயே உக்காந்துட்டாங்க. சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, ஒனக்கு மூச்சு வியாதி இருக்குன்னு மொதல்லயே ஏன் சொல்லல?"ன்னு கேட்டாரு. ரெண்டு நாள் படுத்தாங்க, ரெண்டு நாள் சம்பளம் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்த மூச்சு வியாதியே வந்துச்சு.

அந்தப் புகைக்குப் பேர் குளோரின். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது. 1915இல் முதல் உலகப்போரில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் ஏவிவிட்டது இதே வாயுவைத்தான். போரில் ஆயுதமாக இருந்தது கக்கூஸில் தினப்படி வேலையாக இருக்கிறது. இரண்டையும் கலக்காதே, கதவைத் திற என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை. சொல்லவேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

அம்மா ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று கேட்கலாம். மறுத்தால் மறுநாள் மஸ்டரில் பேர் இருக்காது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. அதற்குத் தப்பிக்கத்தான் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆள் அதே ஆள், சட்டையில் கம்பெனிப் பேர் மட்டும் வேறு. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது. நிறுவனத்தின் முக்கிய வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, துப்புரவுக்கென்றே நடத்தப்படாத நிறுவனத்தில் பெருக்குவது, துடைப்பது, குப்பை அள்ளுவதெல்லாம் முக்கிய வேலையில் சேராது என்கிறது. பாதுகாப்பு என்று பேர் வைத்த சட்டமே எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. கழுவாமல் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், எந்த ஆஸ்பத்திரி நடக்கிறது என்று. அப்போது தெரியும் எது முக்கிய வேலை என்று.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அரசு காலைச் சாப்பாடு, வீடு, நுரையீரலுக்கும் தோலுக்கும் சிகிச்சைத் திட்டம் என்று அறிவித்தது. நல்லது, வாங்கிக்கொள்வோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வேலை நுரையீரலையும் தோலையும் தின்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அவர்கள் கேட்டதோ பணி நிரந்தரம். ஏன் அதையே கேட்டார்கள்? நிரந்தரத் தொழிலாளிதான் குழி மூடிக்குப் பக்கத்தில் நின்று, "நான் எறங்க மாட்டேன், மிஷின் கொண்டா" என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லுக்கு ஈடான பாதுகாப்புக் கவசம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஆகவே திருச்சி மாநகராட்சியிடமும் ஸ்ரீரங்கம் கோயில் நிர்வாகத்திடமும், பெரிய கட்டடம் கட்டிவைத்திருக்கிற எல்லா முதலாளிகளிடமும் நாம் கேட்கவேண்டியது கிளவுஸ் இல்லை. மனிதர் இறங்கவே தேவையில்லாத சாக்கடையைக் கேட்போம். நேரடி நிரந்தர வேலையைக் கேட்போம். கழுவிக் குளித்து உடை மாற்ற அறை, சம்பளத்தோடு நோய் விடுப்பு, வருசா வருசம் நுரையீரல் சோதனை, மஞ்சள் காமாலைக்கும் டெட்டனசுக்கும் ஊசி இதெல்லாம் வேலைக்கு வைத்தவர் கடமை. ஒரு சாவு நடந்தால் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு முடியக்கூடாது. ஆளை இறக்கியவர் சிறைக்குப் போகவேண்டும். எங்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிற வழி திறந்தே இருக்கவேண்டும். அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அப்படி ஒரு வழி. அதைக் கண்டால் முகம் சுளிக்கிற தலித் தோழர்களும் இதை வாசிக்கிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மாணவத் தோழர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூட்டம் போடுகிற மண்டபத்தில், படிக்கிற காலேஜில், புத்தகம் வெளியிடுகிற அரங்கத்தில் கக்கூஸைக் கழுவுகிற அக்கா யாருடைய ஆள், என்ன சம்பளம், எந்த ஆசிட், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று போய்க் கேளுங்கள். மேனேஜரிடமும் கேளுங்கள். "எல்லாம் குடுத்தாச்சு" என்று சொல்வார். அப்போது அவர் கையைப் பாருங்கள். அதில் ஒரு சிராய்ப்பும் இருக்காது.